கணப்பு அடுப்புக்குத் துணை பேட்டரி

1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நாள்கணக்கில் உறைமழை பெய்தது. கம்பியைத் தொட்டதுமே துளி பனிக்கட்டியாகிவிடும் மழை அது. பாரம் தாங்காமல் மின்கோபுரங்கள் மடங்கி விழுந்தன. மான்ட்ரியாலுக்குத் தெற்கே சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர ஒரு மாதம் ஆனது. விறகடுப்பு உள்ள வீடுகளில் கதகதப்பு இருந்தது. மின்சாரத்தையே நம்பிய வீடுகள் குளிர்ந்து போயின.

பெல்லட் அடுப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எரிவது மரம்தான், ஆனால் எரியவைப்பது மின்சாரம். பெல்லட் என்பது மரத்தூளை இறுக்கி அழுத்திச் செய்த, ஏறக்குறைய பென்சில் தடிமனுள்ள சிறு குச்சி. அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, அதுவே பசையாகிவிடுகிறது. அடுப்பின் தொட்டியில் இதை ஒரு மூட்டை கொட்டிவிட்டால் ஒரு மோட்டார் திருகுத்தண்டை மெல்லச் சுழற்றும். நாலைந்து குச்சிகள் கிண்கிணென்று எரிகிண்ணத்தில் விழும், சற்று இடைவெளி விட்டு மறுபடியும் விழும். ஒரு விசிறி புகையை வெளியே இழுக்கும், இன்னொன்று சூடான காற்றை அறைக்குள் தள்ளும்.

மின்சாரம் போனால் குளிரைவிட முதலில் கவலைப்பட வேண்டியது புகையைப் பற்றி. விறகடுப்பின் உயரமான புகைபோக்கியில் சூடான புகை தானாகவே மேலேறும். பெல்லட் அடுப்புக்குப் பல வீடுகளில் சுவரைத் துளைத்துச் செல்லும் குட்டைக் குழாய்தான் உண்டு. விசிறி நின்றதும் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் கனல் காற்றில்லாமல் புகையும். அந்தப் புகை அறைக்குள்ளேயே திரும்பலாம், கூடவே மணமில்லாத கார்பன் மோனாக்சைடும் வரலாம். பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி அந்த வீட்டில் இருந்தே தீரவேண்டும்.

எனவே பேட்டரி வாங்கும்முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். அடுப்பைப் பத்திரமாக அணைத்தால் போதுமா, இரவு முழுக்க எரிய வேண்டுமா? அணைக்க மட்டும் என்றால் கணினிக்கு வைக்கும் சிறிய யூபிஎஸ் போதும் என்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரம் போனதே அடுப்புக்குத் தெரியாது. அது பாட்டுக்குக் குச்சியைத் தள்ளி எரித்துக்கொண்டிருக்கும். விழித்திருக்கும் ஒருவர் உடனே அணைப்புப் பொத்தானை அழுத்தினால்தான், கனல் ஆறும்வரை விசிறி ஓட பேட்டரியில் சக்தி மிஞ்சும். எல்லோரும் தூங்கிவிட்டால் நடு எரிப்பில் பேட்டரி தீர்ந்து, எதற்குப் பயந்தோமோ அதுவே நடக்கும்.

இரவு முழுக்க என்றால் கணக்குப் போட வேண்டும். சீராக எரியும் அடுப்பு ஏறத்தாழ 100 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 800 வாட்-மணி ஆகிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 இருக்கிறதே என்று தோன்றும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் காலியாக்கினால் அதன் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கடைசியில் ஐந்து மணி நேரம்தான் தேறும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்பது, பத்து மணி நேரம் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் முடிந்தவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்ந்த கார் ஷெட்டில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். கார் பேட்டரி இந்த வேலைக்கு ஆகாது. அது ஒரு நொடி வேகமாகக் கொடுத்து இன்ஜினைக் கிளப்பப் பிறந்தது, ஆழமாக வற்றிப் பழக்கமில்லாதது.

பலர் மறந்துவிடுவது பற்றவைக்கும் கம்பியை. தொடங்கும் சில நிமிடங்களுக்கு அது ஒன்றே 300, 400 வாட் கேட்கும். இன்வெர்ட்டர் அதைத் தாங்க வேண்டும். அதைவிட நல்லது, மின்வெட்டில் அடுப்பை அணைத்து அணைத்து ஏற்றாமல் தணிந்த தீயில் தொடர்ந்து எரியவிடுவது.

இன்வெர்ட்டர் தூய சைன் அலை தருவதாக இருக்கட்டும். மின்வெட்டுக் காலத்தில் மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் மின்விசிறி உறுமிக்கொண்டே சுற்றியது நம் வீடுகளில் பலருக்கு நினைவிருக்கும். அந்த உறுமல் அடுப்பின் மோட்டார்களிலும் வரும். மோட்டார் சூடேறும், கட்டுப்பாட்டுப் பலகை குழம்பித் தீயை நிறுத்திவிடவும் கூடும்.

எல்லாம் பொருத்தியானதும், பனி விழத் தொடங்கும்முன் அக்டோபரில் ஒரு மாலை, அடுப்பு எரியும்போதே சுவர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். மோட்டாரின் ஒலி மாறுகிறதா என்று காது கொடுங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதை ஒரு தாளில் எழுதி, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.