பசித்த செல்லின் துப்புரவு வேலை

உணவைக் குறைத்தால் ஆயுள் நீளலாம் என்பதற்கு முதல் வலுவான சான்று எலிகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே, சத்துகளில் குறைவைக்காமல் கலோரியை மட்டும் குறைத்து எலிகளை வளர்த்தார். வயிறு முட்டத் தின்ற எலிகளைவிட அவை நெடுநாள் வாழ்ந்தன. 1935இல் வெளியான இந்த முடிவு, பின்னாளில் ஈஸ்ட், புழு, பழ ஈ ஆகியவற்றிலும் தென்பட்டது.

இதற்கான காரணத்தைச் செல்லுக்குள் தேட வேண்டும். உணவு தாராளமாக வரும்போது எம்டார் என்ற புரதம் முடுக்கிவிட, செல் வளர்வதிலேயே குறியாக இருக்கும். வரத்து குறைந்தால் எம்டார் அடங்கும். ஆற்றல் இருப்பைக் கண்காணிக்கும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்ளும். உடனே வீடு கூட்டும் வேலை தொடங்குகிறது. பழுதான புரதங்களும் நைந்துபோன மைட்டோகாண்ட்ரியாக்களும் சவ்வுப் பைகளில் பொதியப்பட்டு, லைசோசோமில் செரிக்கப்பட்டு, மீண்டும் மூலப்பொருளாகின்றன. ஆட்டோபேஜி, அதாவது தன்னுண்ணல் என்பது இதுதான். வயது ஏற ஏற இந்தத் துப்புரவு மந்தமாகிறது, கழிவு தேங்குகிறது.

ஜப்பானின் யோஷினோரி ஓசுமி இந்தத் தன்னுண்ணலை ஈஸ்டில் கண்ணாரக் கண்டார். செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சில மணி நேரத்திலேயே செல்லில் லைசோசோமின் வேலையைச் செய்யும் பெரிய குமிழுக்குள் சின்னஞ்சிறு பைகள் வந்து நிறைந்து, துள்ளிக்கொண்டிருந்தன. குப்பை வந்து சேர்ந்தது, செரிக்க நொதி இல்லை; அதனால்தான் கண்ணில் பட்டது. எத்தனை எளிய, எத்தனை அழகான சோதனை! தன்னுண்ணலுக்குரிய மரபணுக்களையும் கண்டறிந்த ஓசுமிக்கு 2016இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் உணவைக் குறைத்தால் ஆயுள் நீளுமா என்ற விஷயம் குரங்குகளிடம் சிக்கலானது. விஸ்கான்சினில் குறைவாக உண்ட ரீசஸ் குரங்குகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தின் குரங்குகளுக்கு அப்படி ஆயுள் நீளவில்லை. இந்த வேறுபாட்டுக்கு உணவு முறை ஒரு காரணமாக இருக்கலாம்: விஸ்கான்சினில் ஒப்பீட்டுக்கு வைத்த குரங்குகள் சர்க்கரை மிகுந்த உணவை வேண்டிய மட்டும் தின்றவை; மற்ற ஆய்வில் ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் அளவோடுதான் உணவு தரப்பட்டது.

மனிதர்களிடம் காலரி என்ற ஆய்வு 2 ஆண்டுகள் நடந்தது. உடல் பருமன் இல்லாதவர்கள் கலோரியை 25 சதவீதம் குறைக்க முயன்று, சராசரியாக 12 சதவீதமே குறைத்தார்கள். 2023இல் வெளியான ரத்தப் பகுப்பாய்வில், டிஎன்ஏ தடயங்களைக் கொண்டு கணித்த முதுமை வேகம் 2 முதல் 3 சதவீதம் தணிந்திருந்தது. வேறு இரு அளவுகோல்களில் மாற்றமில்லை. ஆயுள் கூடுமா என்பதை 2 ஆண்டு ஆய்வு சொல்லாது.

வளரும் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் மெலிந்த முதியவர்களும் உணவுக் குறைப்பைப் பின்பற்றக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை உணவைக்கூட நிறுத்த வேண்டாம்.