பச்சைக் கிளிகளுக்கு நீலக் குஞ்சு... எப்படி?

அப்பா பச்சை, அம்மாவும் பச்சை. கூட்டில் ஒரு குஞ்சு மட்டும் நீலம். "முட்டை மாறிப்போச்சோ?" என்று தோன்றும். பட்ஜி கிளி வளர்ப்போருக்கு இது புதிதல்ல.

பட்ஜியின் இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் நீலம் தெரிகிறது. அதோடு மஞ்சள் நிறமி சேர்ந்தால் பச்சை. மஞ்சளை உருவாக்கும் மரபணு வேலை செய்யாவிட்டால் மிஞ்சுவது நீலம். அந்த மரபணுவை ஆய்வாளர்கள் 2017இல் அடையாளம் கண்டனர்.

அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என அந்த மரபணு இரண்டு பிரதிகளாக வரும். ஒன்று சரியாக இருந்தாலே கிளி பச்சைதான். பழுதான இன்னொன்று உள்ளே ஒளிந்திருக்கும். வளர்ப்போர் அதை 'ஸ்பிளிட்' என்பார்கள். வெறுமனே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு ஸ்பிளிட் கிளிகள் சேர்ந்தால் ஒவ்வொரு குஞ்சும் நீலமாக இருக்க 25 விழுக்காடு வாய்ப்பு. அதற்காக, "நாலு குஞ்சு பொரிச்சா ஒண்ணு நீலம்" என்று கணக்குப் போடாதீங்க! நான்கில் ஒன்றுகூட நீலமாக இல்லாமல் போகும் வாய்ப்பு சுமார் 32 விழுக்காடு.

சிவப்புக் கண்ணுள்ள மஞ்சள் 'லுட்டினோ' கிளியின் கணக்கு வேறு. அதன் மரபணு இருப்பது 'இசட்' எனும் பாலினக் குரோமோசோமில். ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒன்றுதான். லுட்டினோ ஆணைச் சாதாரணப் பச்சைப் பெண்ணோடு சேர்த்தால், பெண் குஞ்சுகள் எல்லாம் லுட்டினோ. ஆண் குஞ்சுகள் எல்லாம் பச்சை ஸ்பிளிட். கூட்டிலேயே ஆணா, பெண்ணா என்று சொல்லிவிடலாம். (இது ரொம்ப வசதி!)

ஒரே இசட் என்பதால் பெண் கிளியால் லுட்டினோவை ஒளித்துவைக்க முடியாது. "இந்தப் பச்சைப் பெண் லுட்டினோ ஸ்பிளிட்" என்று யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீங்க.

நீலத்துக்கு ஸ்பிளிட் என்று சொன்னால் பெற்றோரைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று நீலமாக இருந்தால் சந்தேகமே இல்லை. இரண்டும் பச்சை என்றால், அந்தக் கிளியை நீலக் கிளியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்தாலும் அது ஸ்பிளிட். ஆறு குஞ்சும் பச்சையாக வந்தால், பெரும்பாலும் இல்லை.