வண்ண நகலெடுப்பிகளில் நிறக்கலப்புத் தடுப்பு

நிறக்கலப்பு என்பது, டோனர் எனப்படும் நிறப்பொடியால் இயங்கும் வண்ண நகலெடுப்பியில், ஒரு நிறத்தின் பொடி மற்றொரு நிறத்தின் உருத்துலக்கிக்குள் வேண்டாத வகையில் புகுவதாகும். தாளின் மீது மஞ்சள், மெஜந்தா, சியான், கறுப்பு ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவது வண்ணப்படத்துக்குத் தேவையானது. அது நிறக்கலப்பு ஆகாது. பொறிக்குள் கலப்பதே கேடு. ஒருமுறை கலந்த பொடியைப் பிரித்தெடுக்க இயலாது.

செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று செய்துகாட்டிய உலர்நகல் முறையே இப்பொறிகளுக்கும் அடிப்படை. செம்பட்டி போன்ற சாலைச் சந்திப்பு ஊர்களில் 'ஜெராக்ஸ்' கடை என்று நாம் அழைக்கும் இடங்களில் உள்ளதும் இதுவே.

கலப்பு நேரும் விதம்

நான்கு உருளைகள் வரிசையாக அமைந்த பொறியில், ஒவ்வோர் உருளையும் தன் நிறத்தை ஓர் இடைநிலைப் பட்டையின் மீது பதிக்கிறது. பட்டையில் முன்னரே படிந்த மஞ்சள் பொடி அடுத்த உருளையைக் கடக்கும்போது, அங்குள்ள உயர் மின்னழுத்தத்தால் சில துகள்களின் மின்னூட்டம் எதிர்க்குறியாக மாறிவிடும். அத்துகள்கள் பட்டையை விட்டு அவ்வுருளையில் ஒட்டிக்கொள்ளும். இதனை மீள்பெயர்ச்சி எனலாம். மின்னழுத்தத்தைக் குறைத்தால் மீள்பெயர்ச்சி குறையும். ஆனால் உருளையின் சொந்தப் பொடி முழுமையாகப் பட்டைக்குச் செல்லாது. ஆகவே பொறியாளர்கள் இடைப்பட்ட ஓர் அளவையே தேர்கின்றனர்.

தடுக்கும் முறைகள்

பாலியூரித்தேன் அலகு ஒன்று உருளையை உராய்ந்து எஞ்சிய பொடியை வழித்துக் கழிவுக்கலத்தில் தள்ளுகிறது. கறுப்பு மட்டும் அச்சிடும் சில பொறிகள் இக்கழிவை மீண்டும் பயன்படுத்துவதுண்டு. வண்ணப்பொறியில் அதற்கு இடமில்லை.

நிறங்களின் வரிசையும் ஒரு தடுப்பே. பல பொறிகளில் மஞ்சள் முதலிலும் கறுப்பு இறுதியிலும் வருகின்றன. மஞ்சளில் சிறிது கறுப்பு சேர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். கறுப்பில் மஞ்சள் சேர்ந்தால் தெரியாது. முதலில் நிற்கும் உருளைக்கு முன் வேறு நிறமே இல்லாததால் மஞ்சள் தூய்மையாக இருக்கிறது. செலவில்லாத இத்தீர்வு மிக அழகானது என்றே கூறவேண்டும்.

எல்லா நிறங்களையும் ஒரே ஒளியுணர் பட்டையில் அடுக்கும் பொறிகளில் சிக்கல் கூடுதல். உருத்துலக்கி பட்டையைத் தொட்டால், ஏற்கெனவே படிந்த பொடியைச் சுரண்டிவிடும். 2002இல் வெளியான ஜெராக்ஸ் ஐஜென்3 இதனைத் தவிர்க்க, மெல்லிய கம்பிகளில் மாறுமின்னழுத்தம் செலுத்திப் பொடியை முகில்போல் எழுப்பியது. படம் அம்முகிலிலிருந்து தனக்கு வேண்டியதை ஈர்த்துக்கொள்ளும், தொடுகை இல்லை.

கடைகளில் பொடியை மறுநிரப்பும்போது இவ்வேற்பாடுகள் பயனற்றுப் போகக்கூடும். பொருந்தாத பொடி சரியான அளவு மின்னூட்டம் பெறாமல் பொறிக்குள் பரவும். காற்றின் ஈரப்பதம் மிகுந்தாலும் மின்னூட்டம் குறையும். மழைக்காலத்தில் எடுத்த படியின் வெள்ளைப் பகுதி மங்கலாகச் சாயமேறித் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.