துய்னா: பழகிய கையும் அதன் எல்லையும்

சீனாவின் பாரம்பரிய மருத்துவமனைகளில் அக்குபங்சர் பிரிவோடு துய்னா பிரிவும் இருக்கும். கழுத்துப் பிடிப்பு, இடுப்பு வலி, தூக்க முடியாமல் இறுகிப்போன தோள்பட்டை என்று வருகிறவர்களைக் கட்டிலில் படுக்கவைத்து, மேலே ஒரு மெல்லிய துணியை விரித்து, கையால் மட்டுமே சிகிச்சை தருவார்கள். பெரும்பாலும் எண்ணெய் தேய்ப்பதில்லை. சிகிச்சை தருபவர் அக்குபங்சரும் துய்னாவும் சேர்ந்த ஐந்தாண்டுப் பட்டப்படிப்பை முடித்த மருத்துவராகவும் இருக்கலாம். மசாஜ் என்றாலே சொகுசு என்றோ சந்தேகத்துக்கு இடமான தொழில் என்றோ நினைத்துப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றும். இன்னொரு பக்கம், செரிமானக் கோளாறு முதல் சர்க்கரை நோய் வரை துய்னாவால் தீரும் என்று விளம்பரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பார்வையுமே சரியல்ல. துய்னாவில் மதிக்கத்தக்கது அதன் உடற்கோட்பாடு அல்ல, ஒரு கையை அது பழக்கியெடுக்கும் விதம். அந்தக் கையால் தசை வலியையும் மூட்டு இறுக்கத்தையும் தணிக்க முடியும். அதற்கு மேல் சொல்லப்படுபவைதான் நோயாளியைச் சிக்கலில் மாட்டிவிடுகின்றன.

துய்னாவைப் புகழ்கிறவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது அதன் பழமையை. பழமை உண்மைதான். சீன மருத்துவத்தின் மூலநூலாகக் கருதப்படும் ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. உடலைப் பிடித்துவிட்டுச் செய்யும் சிகிச்சை அதில் பேசப்படுகிறது. ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ், 18 அசைவுகள் கொண்ட ஒரு முறையை இந்தியாவிலிருந்து வந்தது என்றே தம் நூலில் குறித்திருக்கிறார். உண்மையிலேயே இங்கிருந்து போனதா என்பது வேறு கேள்வி. இந்தியாவின் பெயருக்கு அன்றைய சீன மருத்துவத்தில் மதிப்பு இருந்தது என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது. தாங் பேரரசின் அரசு மருத்துவ அலுவலகத்தில் இந்தச் சிகிச்சைக்கென்றே தனித் துறையும், ஆசிரியரும், மாணவர்களும் இருந்தார்கள். ஆனால் அதே அலுவலகத்தில் மந்திரித்து நோயை விரட்டவும் ஒரு துறை இருந்தது. நீண்ட காலம் நிலைத்ததே சான்று என்று வாதிட்டால் அந்த மந்திரத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கும்.

இன்று நாம் காணும் துய்னா, பெருமளவுக்கு இருபதாம் நூற்றாண்டில் உருவானது. குடும்பத்துக்கு ஒரு முறை, ஊருக்கு ஒரு பாணி என்று சிதறிக் கிடந்த கலையை 1950-களில் ஷாங்காயில் ஒன்றுதிரட்டினார்கள். 1956-இல் பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1958-இல் தனிப் பள்ளியே எழுந்தது. பரம்பரை வைத்தியர்கள் வகுப்பறைக்கு வந்து, தங்கள் கை செய்வதைச் சொல்லாலும் அளவாலும் விளக்க வேண்டியதாயிற்று. டிங் ஜிஃபெங் என்பவர் 1940-களில் உருவாக்கிய உருட்டும் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்தை நோயாளியின் உடலில் பதித்து, மணிக்கட்டை மடக்கி நீட்டி, கையை முன்னும் பின்னும் உருட்டுவதே அது. நிமிடத்துக்கு 120 முதல் 160 முறை, அழுத்தம் கூடாமல் குறையாமல், தோலை உரசாமல் உருட்ட வேண்டும். பார்க்க எளிது, முறையாகச் செய்தால் பழகாத மணிக்கட்டு சில நிமிடங்களிலேயே சோர்ந்துவிடும். அதனால் மாணவர்கள் மனித உடலைத் தொடுவதற்கு முன் நெடுநாள் அரிசி மூட்டையின் மீது பழகுகிறார்கள். நெடுநேரம் தாங்குவது, வலுவாக இருப்பது, சீராக இருப்பது, மென்மையாக இருப்பது, ஆழம்வரை இறங்குவது என்று நல்ல கைக்குப் பாடநூல்கள் ஐந்து இலக்கணம் வகுத்திருக்கின்றன. வலுவும் மென்மையும் ஒரே கையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் கடினமானது. முரட்டுத்தனமாக அழுத்தினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகிக்கொள்ளும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. சீனாவில் பார்வையற்றவர்கள் பெருமளவில் இத்தொழிலுக்குப் பயிற்றுவிக்கப்பட்டதும் இந்தத் தொடு நுட்பத்தை நம்பித்தான். நான்ஜிங் நகரத்துப் பார்வையற்ற மசாஜ் தொழிலாளர்களைப் பற்றி பி ஃபெய்யூ 2008-இல் எழுதிய ‘துய்னா’ என்ற நாவலுக்கு, சீனாவின் உயரிய இலக்கிய விருதுகளில் ஒன்றான மாவ் துன் விருது கிடைத்தது. இவ்வளவு கவனமாகக் கையைப் பழக்கும் மருத்துவ மரபு உலகில் அதிகம் இல்லை.

இந்தக் கை உடலுக்குள் என்ன செய்கிறது? சீன மருத்துவம் தரும் விடை, ‘சி’ எனும் உயிராற்றல் சக்தி நாளங்கள் வழியே ஓடுகிறது, அதில் விழும் தடையே வலி, அந்தத் தடையைக் கை நீக்குகிறது என்பது. அப்படியொரு நாளத்தை உடற்கூறியல் இதுவரை கண்டதில்லை. ஆனால் அந்த விளக்கம் விழுந்தால் சிகிச்சையும் விழ வேண்டியதில்லை. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் நரம்புகள், தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இலேயே விளக்கினார்கள். அடிபட்ட முழங்காலைக் கை தானாகத் தேய்த்துவிடுவதற்கு அதுவே காரணம். தசையிலும் மாற்றங்கள் நிகழ்கின்றன. 2012-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், 11 இளைஞர்களைக் களைத்துப்போகும் வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலுக்கு மட்டும் மசாஜ் செய்து, இரு கால்களிலிருந்தும் தசைத் துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். மசாஜ் பெற்ற காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றும் என்று பலகாலமாகச் சொல்லப்பட்டதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆய்வு மிகச் சிறியது, கையாண்டதும் துய்னா அல்ல. என்றாலும் பலன் என்பது வெறும் மனநிறைவு மட்டுமல்ல என்பதற்கு அது ஒரு தடயம்.

நோயாளிகளிடம் நடந்த சோதனைகள் என்ன சொல்கின்றன? நாட்பட்ட கழுத்து வலியுள்ள 92 பேரை வைத்து பெர்லினில் நடந்த துய்னா ஆய்வு 2018-இல் வெளியானது. ஆறு முறை சிகிச்சை பெற்றவர்களுக்கு, காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டவர்களைவிட வலி தெளிவாகக் குறைந்தது. நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 401 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் சுவையானது. ஒரு பிரிவினருக்கு ஆழ்ந்த தசைகளைக் குறிவைத்த மசாஜ், இன்னொரு பிரிவினருக்கு உடலைத் தளர்த்தும் பொதுவான மசாஜ், மூன்றாவது பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். பத்து வார முடிவில் மசாஜ் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வலி பெரிதும் குறைந்தது அல்லது போய்விட்டது என்றார்கள். மூன்றாவது பிரிவில் அப்படிச் சொன்னவர்கள் 25 பேருக்கு ஒருவர்தான். ஆனால் இரண்டு வகை மசாஜுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் பயிற்சி எதற்கு, யார் கை வைத்தாலும் போதுமே என்று ஒருவர் கேட்கலாம். அந்த ஆய்வில் இரு வகை மசாஜையும் செய்தவர்கள் உரிமம் பெற்ற, அனுபவமுள்ள தொழிலர்கள். பழகிய கையையும் பழகாத கையையும் அது ஒப்பிடவில்லை. இந்தப் புள்ளியைத்தான் அழுத்த வேண்டும், இந்த முறைதான் உயர்ந்தது என்று ஒவ்வொரு மரபும் சொல்லிக்கொள்வதைத்தான் அது பலவீனப்படுத்துகிறது.

இதெல்லாம் நம்பிக்கையின் விளைவு, வலி எப்படியும் தானாகக் குறைந்திருக்கும் என்பது வலுவான மறுப்பு. அதை ஒதுக்கிவிட முடியாது. இடுப்பு வலி ஏறி இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் சிகிச்சை தேடிப் போகிறார். அதன் பிறகு இறங்குவது இயற்கை. போலி மாத்திரையைப் போலப் போலி மசாஜ் தர வழியில்லை என்பதால், பெர்லின் ஆய்வில் யாருக்கு என்ன கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. 25 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, இடுப்பு வலிக்கு மசாஜ் பலனளிக்கிறது என்பதில் தங்களுக்கு மிகக் குறைந்த நம்பிக்கையே உண்டு என்று எழுதியது. குறுகிய காலத்தில் வலி குறைவதையும் அதே மதிப்பாய்வு பதிவுசெய்தது. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயலத்தக்கவற்றில் ஒத்தடத்தோடு மசாஜையும் சேர்த்தது. நாட்பட்ட வலிக்கான பட்டியலில் மசாஜைச் சேர்க்கவில்லை. ஒருவருக்கு வலி தற்காலிகமாகத் தணிந்து, அவர் எழுந்து நடமாடத் தொடங்குகிறார், வலி மாத்திரையால் வரும் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் அவரைத் தொடவில்லை என்றால், அந்தப் பலனில் பாதி நம்பிக்கையால் வந்தது என்பதற்காக அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேட்கும் கட்டணம் அந்தப் பலனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், சொல்லும் வாக்குறுதியும் அப்படியே.

வாக்குறுதி மீறும் இடத்தில்தான் என் கவலை. குழந்தைகளுக்கான துய்னா மிங் காலத்திலேயே தனிப் பிரிவாக வளர்ந்தது. முதுகுத் தோலை மெல்லக் கிள்ளி உருட்டுவது, உள்ளங்கையை நீவுவது போன்றவை அதில் அடங்கும். அழும் குழந்தையை ஆற்ற அது உதவலாம். வயிற்றுப்போக்கில் துவளும் குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதைத் தள்ளிப்போட்டு விரலை நீவிக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. கழுத்தைத் திடீரெனத் திருகிச் சொடுக்கும் முறையும் துய்னாவில் உண்டு. அதற்குப் பின் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் கழுத்து வலிக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டிய அவசியமே இல்லை. கழுத்தைச் சொடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். எலும்பு தேய்ந்த முதியவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் படுக்கக் கூடாது. காலில் உறைந்த ரத்தக்கட்டி அழுத்தத்தில் நகர்ந்தால் நுரையீரலை அடைத்துவிடும். முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, கால் மரத்துப்போதல், சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமை இவற்றில் ஏதேனும் இருந்தால் அது துய்னாவுக்கான வலியே அல்ல. இவற்றையெல்லாம் விசாரித்த பிறகே கை வைப்பவர் நம்பத்தக்கவர்.

அமெரிக்க ஆய்வில் கிடைத்த பலன் ஆறு மாதம் வரை நீடித்து, ஓராண்டில் பெரும்பாலும் மங்கிவிட்டது. வலி தணிந்திருக்கும் அந்த மாதங்களை நடைக்கும், முதுகுத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்துகிறவருக்கே அந்தச் செலவு வீணாகாது. துய்னா பயில்பவர்கள்கூட, அடுத்தவர் உடலில் கை வைப்பதற்கு முன் தங்கள் உடலை வலுவாக்கும் பயிற்சிகளை அன்றாடம் செய்தாக வேண்டும். அதுவும் அவர்களுடைய பாடத்திட்டத்தில் இருக்கிறது.