கீமோ நாளில் ஏன் இத்தனை பாட்டில் சலைன்?

அன்னூரிலிருந்து சத்தி ரோட்டில் பஸ் ஏறிக் கோவைக்குக் கீமோவுக்குப் போகிறவர்களில், வாய், தொண்டை, கருப்பைவாய்ப் புற்றுநோய் உள்ள பலருக்கு ஏற்றப்படும் மருந்து சிஸ்பிளாட்டின். மருந்து இறங்குவதற்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கில் சலைன் இறங்கும். "மருந்தைவிட உப்புத் தண்ணிதானுங்க அதிகமா ஏத்துறாங்க" என்று துணைக்கு வந்தவர்கள் சலித்துக்கொள்வது இயல்புதான். ஆனால், அந்த உப்பு இல்லாமல் இந்த மருந்து இல்லை.

எதிலிருந்து வருகிறது?

சிஸ்பிளாட்டின் பிளாட்டினம் என்ற உலோகத்திலிருந்து வருகிறது. தங்கத்தைக் கரைக்கும் இராஜதிராவகம் என்ற அமிலக் கலவை பிளாட்டினத்தையும் கரைக்கும். அந்தக் கரைசலிலிருந்து படிப்படியாகப் பெறப்படுவது பொட்டாசியம் டெட்ராகுளோரோபிளாட்டினேட் என்ற செந்நிற உப்பு. சிஸ்பிளாட்டினுக்கு இதுவே மூலப்பொருள். மருந்தின் மூலக்கூறு ஒரு சதுரம் போன்றது: நடுவில் பிளாட்டினம்; ஒரு பக்கத்து மூலைகளில் இரண்டு குளோரின், மறுபக்கத்து மூலைகளில் இரண்டு அம்மோனியா. குளோரின் இரண்டும் எதிரெதிர் மூலைக்கு மாறிவிட்டால், அதே அணுக்கள்தான் என்றாலும், அது புற்றுநோய் மருந்தாகப் பயன்படாது.

இத்தாலிய வேதியியலாளர் பெய்ரோனே 1844இல் இதை உருவாக்கினார். அவர் வழியில் வேண்டாத கலப்பும் சேர்ந்தே வந்தது. அதற்கு எளிய தீர்வு, 1970இல் தாரா என்பவர் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் கெமிஸ்ட்ரி' இதழில் வெளியிட்ட முறை. குளோரின் இருந்த இடங்களில் முதலில் அயோடினை உட்கார வைத்தார். அயோடின் தனக்கு நேரெதிரே இருப்பதன் பிடியைத் தளர்த்தும். அதனால் இரண்டாவது அம்மோனியா முதலாவதின் பக்கத்திலேயே வந்து சேர்கிறது. பிறகு வெள்ளி நைட்ரேட்டால் அயோடினை நீக்கி, மீண்டும் குளோரினைச் சேர்த்தால் மருந்து தயார். 'தாரா முறை' என்றே இது அழைக்கப்படுகிறது.

மருந்தென்று எப்படித் தெரிந்தது?

1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியா திரவத்தில் மின்சாரம் பாய்ச்சினார். பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் இழைபோல நீண்டன. காரணம் மின்சாரம் அல்ல, பிளாட்டினம் மின்முனையிலிருந்து கசிந்த சேர்மங்கள். பிளவைத் தடுப்பது புற்றுநோய்ச் செல்களையும் தடுக்கலாம் என்ற யோசனை அங்கிருந்தே பிறந்தது. 1978இல் அமெரிக்கா சிஸ்பிளாட்டினுக்கு அனுமதி தந்தது.

உப்பின் வேலை என்ன?

இரத்தத்தில் குளோரைடு அதிகம். அங்கே மருந்து பெரும்பாலும் தன் குளோரினை விடாமல் வைத்திருக்கும். செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவு. உள்ளே போனதும் குளோரின் கழன்று, அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டுகிறது. அதன்பின் பிளாட்டினம் டி.என்.ஏ.வில் உள்ள குவானின்களைப் பற்றி, இழையை வளைத்துவிடுகிறது. செல் பிரிய முடியாமல் மடிகிறது.

மருந்தைச் சலைனில் கலப்பதும் இதனால்தான்: பாட்டிலுக்குள்ளேயே குளோரின் கழன்றுவிடக் கூடாது. அலுமினியம் பட்டால் மருந்து கெடும் என்பதால் அந்த உலோகம் உள்ள ஊசிகளையும் தவிர்க்கிறார்கள்.

மருந்து வெளியேறும் வழி சிறுநீரகம். அங்குள்ள செல்களில் அது தேங்கினால் சிறுநீரகம் பழுதாகும். கூடுதலாக இறங்கும் சலைன் மருந்தை நீர்க்கச் செய்து வெளியே தள்ளுகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 300 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டினை வாரம் ஒருமுறை சிறு அளவில் தருவதைவிட, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் தருவதே நோயை நன்றாகக் கட்டுப்படுத்தியது. அளவு கூடக் கூட, சிறுநீரகத்தைக் காப்பதும் முக்கியமாகிறது.

எதைக் கவனிக்க வேண்டும்?

சிறுநீர் குறைந்தாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ, விரல் நுனி மரத்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இதய நோய் உள்ளவர்களுக்கு அளவு மாறும். கடைசி பாட்டில் முடியும்வரை, ஊருக்குப் போகும் பஸ்ஸை நினைத்து அவசரப்படுத்த வேண்டாம். அதுவும் சிகிச்சைதான்.