ஒரே உலைச் சோறு, இரண்டு உடம்பு

ஒரே உலையில் வடித்த சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்த அக்கா தங்கையில் ஒருத்தி கொத்தவரங்காய் மாதிரி இருப்பாள். இன்னொருத்தி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரவிக்கையின் தையலைப் பிரித்துவிடச் சொல்லி டெய்லரிடம் நிற்பாள். கல்யாணப் பந்தியில் அவள் இலையில் இரண்டாவது ஜாங்கிரி விழுந்தால் எதிர்வரிசைப் பெரியம்மா, "வாயைக் கட்டுடி, தானா இளைக்கும்" என்பார். அந்தப் பிள்ளை ஜாங்கிரியை இலை ஓரத்துக்குத் தள்ளிவிடும். அநியாயமான பேச்சு அது.

கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் 12 ஜோடி ஒரு கரு இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு 1990-ல் வெளியானது. எல்லோருக்கும் 84 நாள், நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஆனால் ஒரே ஜோடியைச் சேர்ந்த இருவருக்குள் வித்தியாசம் குறைவு. எவ்வளவு ஏறியது என்பதில் மட்டுமல்ல, கொழுப்பு எந்த இடத்தில் போய் உட்கார்ந்தது என்பதிலும் அவர்கள் ஒத்திருந்தார்கள்.

அதற்காக எல்லாம் தலையெழுத்து என்று விட்டுவிட வேண்டியதில்லை. உடல் பருமனோடு தொடர்புடையது என்று 2007-ல் கண்டறியப்பட்ட எஃப்.டி.ஓ. மரபணு மாற்றத்தைத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதியாகப் பெற்ற ஐரோப்பியர்களுக்கே, அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோதான் அதிகம். உடலுழைப்பு உள்ளவர்களிடம் அதன் பாதிப்பு கால் பங்குக்கு மேல் குறைகிறது.

நம்மவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் ஒருமுறை தங்களையே அளந்துகொண்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! ஒல்லியாகத் தெரியும் நம் உடம்பில் தொப்பைக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும். மரபணுவோடு, கருவில் கிடைத்த ஊட்டமும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எனவே எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். மூச்சை வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட வேண்டும். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அடங்காத பசியும் வேகமாக ஏறும் எடையும் இருந்தால், பிள்ளையைத் திட்டாமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள். லெப்டின் குறைபாடு போன்ற சில அரிய மரபணுக் கோளாறுகளுக்கு ஊசி மருந்தே இருக்கிறது.

எச்சிலைப் பரிசோதித்து 'உங்கள் டி.என்.ஏ.வுக்கு ஏற்ற டயட்' என்று விற்பவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். அமெரிக்காவில் 609 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் உணவா, மாவுச்சத்தைக் குறைக்கும் உணவா, எது யாருக்குப் பலன் தரும் என்பதை ஆய்வாளர்கள் பார்த்த மரபணு அமைப்பால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

'30 நாளில் 10 கிலோ, கேரண்டி' என்று மருந்து விற்கும் சுவரொட்டி இன்னும் மோசம். உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டின் மந்திர மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை. ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

சுவரொட்டி மருந்தை விட்டு முறையான சிகிச்சைக்குப் போகிறவர்களிலும், பருமனுக்கான அறுவை சிகிச்சை என்றாலே காப்பீடு கிடைக்காது என்று பலர் நினைத்துக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். 18 வயது நிறைந்து, டாக்டர் பரிந்துரையோடு, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் 'பருமன் விலக்கு' என்ற பிரிவைக் காட்டி மறுக்கக் கூடாது. கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்து மற்ற சிகிச்சைகள் பலிக்காதவர்களுக்கு 35 போதும். மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதத்தை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். போனில் சொன்னதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.