பயனர் யார், பயனாளி யார்?

சேலம் ஜில்லா தம்மம்பட்டியில், வாகை மரத்திலிருந்து பிள்ளையாரையும் குதிரையையும் வரவழைக்கும் சிற்பிகள் இருக்கிறார்கள். அவர்கள் கைவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அப்பாடா, இனிப் போலிக்குப் பயமில்லை என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்!

குறியீடு ஊருக்கு. அதைத் தம் சரக்கின்மேல் போட்டு விற்க வேண்டுமானால், 1999-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு சிற்பியும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். இதைப் ‘பயனாளி’ என்று படித்து, ஏதோ உதவித்தொகை மனு என்று ஒதுக்கிவிட்டால் நஷ்டம் யாருக்கு?

சாஸ்திரச் சொற்களுக்குத் தமிழ் தேட ராஜாஜி 1916-ல் சங்கம் வைத்ததும் சேலத்தில்தான். படிவத் தமிழுக்கும் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது!

மரப்பிள்ளையார் வாங்கப் போகும் சகோதரிகளே, விலையோடு பதிவையும் விசாரியுங்கள். அது பத்து வருஷம் செல்லும். அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.